இடது கை

என் வேலையில் நல்ல சத்தம் என்றால் மாறாத சத்தம்தான். செம்பனை ஆலையில் பராமரிப்புப் பொறியாளனாக இருக்கிறவனுக்குக் காதுதான் முதல் கருவி. லோரியில் வந்து இறங்கும் குலைகள் ஏறக்குறைய 140 பாகை நீராவியில் ஒன்றரை மணிநேரம் வேகும். அப்புறம் பெரிய உருளையில் சுழன்று பழம் தனியே உதிரும். உதிர்ந்த பழம் கடைபட்டு, கூழாகி, திருகு அழுத்தியில் பிழிபட்டு எண்ணெயாக வழியும். இந்த வரிசையில் ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு குரல் இருக்கிறது. நேற்று இருந்த மாதிரியே இன்றைக்கும் இருந்தால் எல்லாம் சரி. பேரிங் தேயத் தொடங்கினால் சின்னதாக ஒரு கரகரப்பு வரும். அதிர்வுமானி காட்டிக்கொடுப்பதற்கு முன்பே பழைய ஆட்கள் தலையைத் திருப்பிவிடுவார்கள். "சார், மூணாம் நம்பர் பிரஸ் ஒரு மாதிரியா பேசுது" என்பார்கள். ஒரே மாதிரி வந்தால் ஆரோக்கியம், மாறினால் நோய். இதுதான் எங்கள் பாடம்.

பன்னிரண்டு மணிநேரம் இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து காடியில் ஏறினால் நான் போடுவது தனிப் பியானோ. அதுவும் எழுதிவைத்து வாசித்தது இல்லை. ஒருவர் தனியாக உட்கார்ந்து, அடுத்து என்ன வரும் என்று தனக்கே தெரியாமல் வாசித்த ஜாஸ் பதிவுகள். என்னோடு காடியில் வரும் நண்பர்களுக்கு இது பெரிய சோதனை. "பாட்டும் இல்ல, மெட்டும் இல்ல, ஒருத்தன் ஒக்காந்து தடவிக்கிட்டே இருக்கான், இதுல என்னடா இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கோலசிலாங்கூர் வரைக்கும் போதாது.

நான் தினமும் போய் வரும் சாலை பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போவது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நடப்பட்டது 1917இல், இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்ரி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு மலாயாவைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசும் வாங்கினார். செம்பனைக்குத் தாய்வீடான தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பேர். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடைவெளியில் நட்ட மரங்கள், ஒரே உயரத்தில் மட்டைகள். இரவில் காடி விளக்கு பட்டால் மரங்கள் ஒரே லயத்தில் பின்னால் ஓடும். லயம் என்றால் எங்களுக்கு முதலில் வீடு, அப்புறம்தான் தாளம். இந்த ஒழுங்குக்கு நடுவில்தான் நான் கீத் ஜாரெட்டைக் கேட்டேன்.

கோல்ன் கச்சேரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1975 ஜனவரி 24. ஜெர்மனியின் கோல்ன் நகர ஓப்பரா அரங்கம். ஏற்பாடு செய்த வேரா பிராண்டெஸுக்கு 18 வயது. ஜாரெட் கேட்டிருந்தது பெரிய போசெண்டார்ஃபர் பியானோ. மேடைக்கு வந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. சுருதி சேரவில்லை, மேல் கட்டைகள் தகரம் மாதிரி சத்தம் போட்டன, கீழ்க் கட்டைகளில் கனம் இல்லை, மிதிகளும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஜாரெட் நீண்ட தூரம் காடியில் வந்திருந்தார், முதுகுவலி வேறு. வாசிக்க முடியாது என்று கிளம்பப் பார்த்தவரை அந்தப் பெண்தான் பேசி நிறுத்தினாள். ஓப்பரா முடிந்த பிறகு, இரவு 11.30 மணிக்குக் கச்சேரி தொடங்கியது. ஒரு மணிநேரத்துக்கு மேல் வாசித்தார். ஈசிஎம் நிறுவனம் அதே வருடம் வெளியிட்ட அந்தப் பதிவு தனிப் பியானோ இசைத்தட்டுகளிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்றானது. அப்போது அவருக்கு 29 வயது. எனக்கு இப்போது 28.

தன்முனைப்புப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஒரு பயிற்சிப் பட்டறையில் இதைத் திரையில் போட்டுக் காட்டி, "தடையே வாய்ப்பு" என்று முடித்தார்கள். எல்லாரும் கை தட்டினோம், பசியாறப் போனோம். எனக்கு அந்த விளக்கம் ஒட்டவே இல்லை. பழுதான பியானோதான் காரணம் என்றால், நல்ல பியானோவில் ஜாரெட் வாசித்தவை வெறுமனே அல்லவா இருக்க வேண்டும்? 1973இல் பிரெமனிலும் லொசானிலும் வாசித்த பதிவு இருக்கிறது. 1976இல் ஜப்பானில் ஊர் ஊராகப் போய் வாசித்தவை பத்து இசைத்தட்டுகளாக வந்திருக்கின்றன. அவற்றிலும் அதே இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அப்படியானால் அந்த இடம் பியானோவின் பழுதில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

அது இடது கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோல்ன் பதிவின் முதல் பகுதி 26 நிமிடம். அதில் நெடுநேரம் இடது கை இரண்டே கார்டுகளுக்கு நடுவில் போய்ப் போய் வருகிறது. கார்டு என்றால் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு, வேறொன்றுமில்லை. ஒன்று, அப்புறம் மற்றது, மறுபடி முதலாவது. கீழ்க் கட்டைகளில் கனம் இல்லாததால் அவர் அதை இன்னும் அழுத்தமாக, இன்னும் தாளக்கட்டோடு வாசித்தார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வலது கை எதையோ தேடிப் போகிறது. கொஞ்சதூரம் போய் நின்றுவிடுகிறது. அடுத்தது வரவில்லை. அந்த நேரம் இடது கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவனுக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும், இப்போது கையில் ஒன்றும் இல்லை. இடது கைதான் அவர் காத்திருக்கிற இடம். பிறகு எங்கிருந்தோ ஒரு சின்ன மெட்டு வந்து விழுகிறது, அவர் அடக்க முடியாமல் முனகுகிறார். அந்த முனகல் பதிவில் அப்படியே இருக்கிறது. நிறையப் பேருக்கு அது பிடிக்காது. எனக்கு அது இல்லாவிட்டால் பாதி போய்விடும்.

இதற்கு 16 வருடம் முன்னால், 1958 டிசம்பரில், பில் எவன்ஸ் பதிவு செய்த 'பீஸ் பீஸ்' இன்னும் எளிமையானது. லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் ஒரு பாட்டை வாசிப்பதற்காக முன்னுரை மாதிரி இரண்டு கார்டுகளை வாசிக்கத் தொடங்கியவர், அந்த இரண்டையும் விட்டு நகரவே இல்லை. பாட்டு வரவேயில்லை. ஆறரை நிமிடத்துக்கும் மேலே இடது கை அதையே வாசிக்கிறது. வலது கை முதலில் நேராக, எளிய சுரங்களில் நடக்கிறது. போகப் போக மேலே ஏறி, பறவைகள் கத்துவது மாதிரி கலைந்து, இடது கைக்குச் சம்பந்தமே இல்லாத சுரங்களைத் தொட்டுவிட்டுக் கடைசியில் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருகிறது. எவன்ஸுக்கும் அப்போது 29 வயது.

ஒருநாள் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது இது காடியில் ஓடியது. அம்மா தமிழ்ப் பாட்டைத் தவிர எதையும் கேட்காதவர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இதுல ஒருத்தன் ஒத்து ஊதுறான், ஒருத்தன் நாயனம் வாசிக்கிறான்" என்றார். "ரெண்டு பேர் இல்லம்மா, ஒருத்தர்தான்" என்றேன். "ஒத்து ஊதுறவனுக்குத்தான் சம்பளம் கொறைச்சல்" என்றார்.

அம்மா சொன்னதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக வேடிக்கை பார்த்தது ஒத்துக்காரரைத்தான். நாயனக்காரர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, கற்பனையில் எங்கெங்கோ போவார். ஒத்துக்காரர் கன்னம் உப்ப ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட்டு, இடைவெளி தெரியாமல் ஊதுவார். அவர் நிறுத்தினால் நாயனம் அந்தரத்தில் நின்றுவிடும்.

ஜாரெட்டிலிருந்துதான் நான் பின்னால் திரும்பி டி. என். ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்கப் போனேன். வழக்கமாக இது நேர்மாறாக நடக்க வேண்டும், எனக்கு இப்படித்தான் நடந்தது. திருவாவடுதுறைக்காரர், 1898இல் பிறந்து 1956 டிசம்பர் 12இல் மறைந்தவர். உச்சஸ்தாயியில் கத்தும் திமிரி நாயனத்தின் இடத்தில், நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய தோடி ஆலாபனை இசைத்தட்டாக வந்து வீடுகளிலும் கடைகளிலும் ஓடியது. நேரில் தோடியை மணிக்கணக்கில் விரித்தவருக்கு, அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொடுத்தது. ஆலாபனையில் சொல் இல்லை, தாளக்கட்டு இல்லை. ஒரு சுருதி, அதன்மேல் ஒரு மனிதனின் மூச்சு. ராகம் போட்ட வேலிக்குள்தான் நடக்கிறார். ஆனால் அடுத்த அடி எங்கே என்பது முன்கூட்டி எழுதப்படவில்லை. பதிவின் கீறல் சத்தத்துக்கு உள்ளே ஒரு பிடியில் அவர் நின்று, கொஞ்சம் தாமதித்து, அப்புறம் மேலே போகிறார். அந்தத் தாமதத்தைத்தான் நான் ஜாரெட்டிடம் கேட்டேன்.

ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. தோடிக்கு உள்ள இலக்கணம் வேறு, ஜாஸின் இலக்கணம் வேறு. கறுப்பினத்தவரின் தேவாலயமும் புளூஸும் நடனமும் சேர்ந்து செய்த இசை அது. கோல்ன் பதிவை ஜாஸ் என்று ஒத்துக்கொள்ளாத ஜாஸ் ரசிகர்களும் உண்டு. நான் சொல்வது கேட்கிறவன் பக்கத்திலிருந்து. ஒருவர் நிலையான ஒன்றின்மேல் நின்றுகொண்டு, அடுத்தது வருமா வராதா என்று தெரியாமல் காத்திருப்பதை நாம் கூடவே இருந்து கேட்கிறோம். உருக்குவது அதுதான்.

இதை எனக்குக் கொஞ்சம் அறிவுப்பூர்வமாக விளங்கவைத்தவர் விஜய் ஐயர். பாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் "அட, நம்ம ஆளு" என்றுதான் தொட்டேன். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து வயலின் படித்தார், பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, பெர்க்லியில் இயற்பியலை நடுவில் விட்டு, இசையை மனித உடலும் மூளையும் எப்படி உணர்கின்றன என்பதைப் பற்றி 1998இல் முனைவர் பட்டம் வாங்கினார். பொறியியல் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை வரலாற்றில் ஒரு தனிக் கிளர்ச்சி இருக்கும், அதைச் சொல்லத் தேவையில்லை. 2010இல் வந்த 'சோலோ' அவருடைய முதல் தனிப் பியானோத் தட்டு. மைக்கேல் ஜாக்சன் பாடிய 'ஹியூமன் நேச்சர்' அதில் முதலில் வரும். தெரிந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் அடியில் இடது கையால் வேறொரு நிலத்தைப் போடுகிறார்.

அவருடைய ஆய்வின் சாரம் எனக்குப் புரிந்தவரை இதுதான்: தாளம் என்பது ஓர் உடலின் அசைவு. நாம் இசையைக் கேட்கும்போது உண்மையில் இன்னோர் உடல் அசைவதைக் கேட்கிறோம். ஒரு தட்டு கணக்குப்படி விழ வேண்டிய நேரத்திலிருந்து சில மில்லிவினாடி முந்தியோ பிந்தியோ விழும். எந்திரத்தில் அது பிழை. மனிதக் கையில் அதுதான் உணர்ச்சி. ஆலையில் அதிர்வு வரைபடத்தைப் பார்த்து நான் தேடிப் பிடிக்கிற அதே விலகல்தான், பியானோவில் என்னை அழவைக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு பெரிய நிம்மதி. என் காது இரண்டு வேலை பார்க்கவில்லை, ஒரே வேலையைத்தான் பார்க்கிறது.

இவ்வளவும் பதிவுகளை வைத்துக்கொண்டு பேசியது. அப்பா இறந்த அன்றைக்குத்தான் இது என் வீட்டுக்குள் வந்தது.

அப்பா தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். லயத்தை விட்டு நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. சாலையில் கெமா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, ஸ்பீக்கரில் சிவபுராணம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எல்லாத் துக்க வீட்டிலும் இப்படித்தான். பதினொரு மணிபோல் மேட்டு லயத்துப் பாட்டி வந்தார். எண்பதைத் தாண்டியவர், பேரன் காடியில் கூட்டி வந்திருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை உயர்த்தி, ஸ்பீக்கரை அடைக்கச் சொன்னார்.

தோட்டத்தில் ஒப்பாரி என்றால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஆடிக்கொண்டே அழுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் கடைசிச் சொல்லை இழுத்துப் பிடிப்பார்கள். அந்த இழுப்பில்தான் எடுத்துக் கொடுப்பவர் அடுத்த வரியை யோசிப்பார். ஒத்து மாதிரி. பாட்டி சுற்றும்முற்றும் ஒரு தடவை பார்த்தார். அத்தைகள் நாற்காலியில் இருந்தார்கள். அழுதார்கள், ஆனால் யாருக்கும் இழுக்கத் தெரியவில்லை. பாட்டி இடது கையைத் தரையில் வைத்தார். உள்ளங்கையால் டைல்ஸில் தட்டத் தொடங்கினார். அதன்மேல் குரலை எடுத்தார்.

முதலில் வழக்கமானவைதான். ராசா, தேர், கோட்டை. ஒப்பாரிக்கு என்றே உள்ள சொற்கள். அப்புறம் அப்பாவின் சின்ன வயதுப் பட்டப்பெயர் வந்தது. அதை நான் கேட்டதே இல்லை. லோரி வந்தது, மழை வந்தது. ரோடெல்லாம் தண்ணீர் ஏறிய ஒரு ராத்திரி, பாட்டியின் மகளுக்கு வலி எடுத்து, அப்பா குலை லோரியின் முன்சீட்டில் அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனது வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பாட்டியையே பார்த்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்த பாட்டு அங்கே நின்றுவிட்டது. பாட்டிக்கு அடுத்த சொல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் அந்தச் சொல் வந்தது. பிறந்த பிள்ளையை முதலில் கையில் வாங்கியது அப்பா. காடியில் கூட்டி வந்த பேரன்தான் அந்தப் பிள்ளை. அவன் கெமாவுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

சிங்கப்பூரிலிருந்து வர முடியாத ஒரு சித்தப்பாவுக்காகத் தம்பி முறையுள்ள ஒருவன் கைப்பேசியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தான். அதனால் அது தங்கிவிட்டது. ஆறு நிமிடம் நாற்பது வினாடி. சீலிங் ஃபேன் சத்தம், வாசலில் ஒரு மோட்டார், "மா, மைலோ வேணும்" என்று ஒரு பிள்ளை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நல்ல ஒலிவாங்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். சுத்தமாகப் பதிவு செய்து வைக்கலாம் என்று எண்ணம். பாட்டி காப்பி கொடுத்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அது ஒங்கப்பனுக்குப் பாடுனதுய்யா. ஒனக்கு எதுக்கு நான் பாடணும்? நீதான் குத்துக்கல்லாட்டம் இருக்கியே."

"அன்னைக்குப் பாடுனதையே பாடுங்க பாட்டி."

"என்னா பாடுனேன்னு யாருக்குத் தெரியும்? வந்துச்சு, பாடுனேன். போயிருச்சு."

கைப்பேசியில் போட்டுக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ஆள் சாகாத வீட்டில் ஒப்பாரி ஒலிக்கக்கூடாது.

ஜாரெட்டுக்கும் இந்த மாதிரி ஒரு பிரச்சினை இருந்தது. கோல்ன் கச்சேரியை எழுதிக் கொடுங்கள், நாங்களும் வாசிக்கிறோம் என்று உலகம் முழுக்கப் பியானோக்காரர்கள் கேட்டார்கள். அன்றைக்கு வந்தது அன்றைக்கே போக வேண்டியது என்பது அவர் கட்சி. பல வருடம் தயங்கி, 1991இல்தான் சுரக்குறிப்பு நூலாக வர ஒத்துக்கொண்டார். அதிலும் கடைசி வார்த்தை பதிவுதான், தாள் இல்லை என்று சொல்லியே கொடுத்தார்.

பாட்டி சொல்வதிலும் ஜாரெட் தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் எல்லாமே மனப்பாடம் ஆகிவிடும். கோல்ன் பதிவில் எந்த நிமிடத்தில் முனகல் வரும் என்று எனக்குத் தெரியும். பாட்டியின் பதிவையும் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மூன்று தட்டு, அதற்குப் பிறகு அந்தச் சொல். தெரியும். இருந்தும் அந்த மூன்று தட்டு வரும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் என்று வெகுநாள் யோசித்தேன். வரப்போவது எனக்குத் தெரியும், பாட்டிக்கு அப்போது தெரியாது. பாட்டியின் தெரியாமையும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கிறது. எழுதிப் பழகி வாசித்த இசையில் இது கிடைக்காது. அங்கே வாசிப்பவருக்கும் முடிவு தெரியும். மனோதர்மத்தில் வாசித்ததைப் பதிவில் கேட்கிறபோது, முடிவு தெரிந்த ஒருவன் முடிவு தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவரைத் தொட்டுச் சொல்ல முடியாது, வரும், பொறுங்கள் என்று. அப்பாவுக்கும் நான் அப்படி எதுவும் சொல்ல முடியாத இடத்தில்தான் இருக்கிறேன்.

2018இல் ஜாரெட்டுக்கு இரண்டு தடவை பக்கவாதம் வந்தது. 2020 அக்டோபரில் அவரே ஒரு பத்திரிகைக்கு அதைச் சொன்னார். இடது பக்கம் பாதிப்பு. அந்தக் கையால் இனி ஒரு கோப்பையைப் பிடிக்க முடிந்தால் அதிகம் என்ற அளவில் பேசியிருந்தார். வலது கை மட்டும் வாசிக்கிறது. செய்தியைப் படித்ததும் கோல்ன் பதிவைப் போட எனக்கு மனம் வரவில்லை, சில வாரம் அப்படியே விட்டுவிட்டேன். மறுபடி கேட்டபோது, இடது கை அங்கே இரண்டு கார்டுகளுக்கு நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

போன மாதம் அந்தத் தம்பி அழைத்திருந்தான். அப்பாவின் திதிக்குள் பாட்டியின் பதிவைச் 'சுத்தம்' செய்து குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பலாம், உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே என்றான். தெரியும்தான். ஆலையில் அதிர்வுக் குறிகளை வடிகட்ட நான் பயன்படுத்துகிற அதே வழிதான். கோப்பைக் கணினியில் திறந்து அலைவரிசைப் படமாகப் பார்த்தேன். மோட்டார் சத்தத்தைத் தனியே வெட்டலாம், கஷ்டமில்லை. பிள்ளை மைலோ கேட்பது பாட்டியின் குரலுக்கு மேலேயே விழுகிறது, அதைக் கொஞ்சம் அடக்கலாம். ஃபேன்தான் பிரச்சினை. அதன் இரைச்சல் கீழ் அதிர்வெண்களில் ஒரு பாய் மாதிரி விரிந்து கிடக்கிறது. டைல்ஸில் பாட்டியின் கை விழும் சத்தமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பல வழியில் முயன்றேன். ஃபேனை எடுத்தால் கையும் கூடவே போகிறது. மிஞ்சுவது சுத்தமான குரல் மட்டும். அதில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் நாலு வினாடி வெறும் அமைதி, அப்புறம் ஒரு சொல்.

தம்பிக்குப் பழைய கோப்பையே திருப்பி அனுப்பினேன். "ஒண்ணுமே பண்ணலையா?" என்று கேட்டு எழுதியிருந்தான். காதுக்கருவி போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்கச் சொன்னேன்.